கேட்டை 9.10-க்குப் பூட்டுகிறவர்களுக்கு

சென்னையின் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் கல்வி அலுவலர்களுக்கும்,

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. தெரியாத எண். எடுத்தால், பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன், என்னிடம் இரண்டு வருடம் கணக்குப் படித்தவன். டீக்கடைக்காரரின் போனை வாங்கிப் பேசினான். "மிஸ், கேட்டை சாத்திட்டாங்க. இது மூணாவது தடவையாம். அம்மாவக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ள விடுவாங்களாம்."

அன்று காலை அவன் வீட்டை விட்டுக் கிளம்பியது 5.45-க்கு. அரையாண்டு விடுமுறையில் கால்வாய் ஓரமிருந்த அவர்கள் வீட்டை இடித்துவிட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றி, 25 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இறக்கிவிட்டார்கள். வீடு ஆறாவது மாடியில். லிஃப்ட் ஓடாத நாளில் பள்ளிக்குக் கிளம்பும் முன் இரண்டு குடம் தண்ணீரை மேலே ஏற்றியாக வேண்டும். அப்புறம் ஒரு பஸ், மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆர். சாலையில் ஊர்ந்து வர ஒன்றரை மணி நேரம், அதன் பிறகு இன்னொரு பஸ். அன்று பள்ளி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி 9.20.

பக்கத்திலேயே ஒரு பள்ளியில் சேர வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்டார்கள் அவர்கள். பத்தாம் வகுப்புக்கான நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல், ஏற்கெனவே பழைய பள்ளியிலிருந்து போய்விட்டது, இனி இங்கே சேர்த்தால் சிக்கல், அங்கேயே பரீட்சை எழுதட்டும் என்றது அங்கிருந்த பள்ளி. பழைய பள்ளியோ 9.10-க்குக் கேட்டைப் பூட்டுகிறது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

அவன் அம்மா ஒரு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு, இரண்டு நாள் வராவிட்டால் வேலையே போச்சு. அதனால் பையன் வீட்டில் சொல்லவே இல்லை. புதன், வியாழன் எங்கே சுற்றினான் என்று எனக்கும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சித்தப்பாவோடு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பந்தி பரிமாறப் போயிருக்கிறான். கையில் ஐந்நூறு ரூபாயும், ஒரு பொட்டலம் மீந்த ஸ்வீட்டும். முதல் கூலியைக் கையில் வாங்கிய பையனை மறுபடி பெஞ்சில் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று 27 வருடம் வகுப்பெடுத்த எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இன்னும் இரண்டு மாதத்தில் அவன் பெயர் 'இடைநிற்றல்' பட்டியலில் வரும். காரணம் என்ற கட்டத்தில் யாரோ 'ஆர்வமின்மை' என்று எழுதுவார்கள்.

நான் போன மே மாதம் ஓய்வு பெற்றேன். அதனால்தான் இதை வெளிப்படையாக எழுத முடிகிறது. பணியில் இருந்திருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி நோட்டீஸ் வந்திருக்கும், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். கேட்டைப் பூட்டும் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும், அப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தேர்ச்சி விகிதம் குறைந்துவிட்டது, மேலிடத்தில் கேள்வி கேட்கிறார்கள், பிள்ளைகள் முனைக் கடையில் நின்று அரட்டை அடித்துவிட்டு ஆடி அசைந்து வருகிறார்கள், கண்டிப்பு வேண்டும். எல்லாரும் தலையாட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன். முனைக் கடைப் பையனுக்காகப் போட்ட விதி, இரண்டு பஸ் மாறி வருகிறவன் மேல்தான் முதலில் விழும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முனைக் கடைப் பையனுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். அவன் வீடு அடுத்த தெருவில்தானே இருக்கிறது.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. சில வருடங்களுக்கு முன், மாணவர் விவரங்களைப் பதிகிற அரசு இணையதளமான எமிஸில் ஏற்ற வேண்டுமென்று வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி முகவரி கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பு. ஒரு பெண் எழுந்து நின்று, "எந்த அட்ரஸ் மிஸ்? ரேஷன் கார்டு அட்ரஸா, தூங்குற அட்ரஸா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் லேசாகச் சிரித்துவிட்டேன். பாரிமுனைப் பக்கம் இரவில் ஷட்டர் இறக்கிய கடைகளின் வாசலில் படுக்கிற குடும்பம் அது. அம்மாவின் அம்மா காலத்திலிருந்தே அதே நடைபாதை. ரேஷன் கார்டில் இருந்தது யாரோ சொந்தக்காரர் வீட்டு முகவரி. அந்தப் பெண் கேட்டது கிண்டல் இல்லை, நியாயமான சந்தேகம். அடுத்த ஒன்பது நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

பத்தாவது நாள் நான் போய்ப் பார்த்தேன். காலை ஏழு மணி, கடைகள் இன்னும் திறக்கவில்லை. பாயும் பாத்திரமும் ஒரு மீன்பாடி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. கடை திறப்பதற்குள் நடைபாதையைக் கூட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத ஒப்பந்தம். அவளுடைய புத்தகங்களை எங்கே வைக்கிறாய் என்று கேட்டேன். ஒரு தெர்மகோல் பெட்டியைக் காட்டினாள், மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு வைப்பார்களே, அது. மூடியைத் திறந்தால் மீன் வாடை. உள்ளே பிளாஸ்டிக் கவரில் சுற்றிய கணக்கு நோட்டு. ஓரமெல்லாம் எலி கடித்திருந்தது. மழை பெய்தால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு அடியில் ஓடுவார்களாம். அந்த நோட்டை, அட்டை கிழிந்திருக்கிறது என்று நான் இரண்டு முறை தூக்கி எறிந்திருக்கிறேன். என் கையால்.

அன்றைக்குத் தெரிந்துகொண்டது இன்னும் கொஞ்சம் உண்டு. கட்டணக் கழிப்பறைக்குக் காசு இல்லாத நாளில் அவள் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கு வருவதில்லை. இரவில் அம்மாவும் பாட்டியும் முறை வைத்து விழித்திருப்பார்கள், பெண் பிள்ளை இருக்கிறதே. லாரி சத்தம், கொசு, குடித்துவிட்டு வருகிறவர்கள். ஒன்றாவது பீரியடில் அவள் தூங்கி விழுவதை நான் சோம்பேறித்தனம் என்று எழுதி வைத்திருந்தேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடற்றவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அது தெருவில் படுத்திருந்தவர்களின் கணக்கு மட்டும்தான். வாடகை கொடுக்க முடியாமல் அத்தை வீட்டு ஹாலில் ஐந்து பேராக முடங்கிக் கிடக்கும் குடும்பம் அதில் வராது. கட்டட வேலை நடக்கிற இடத்துத் தகரக் கொட்டகையில், கட்டடம் முடியும்வரை மட்டும் இருக்கிற பிள்ளை வராது. ஆனால் இவர்கள் எல்லாருமே உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். வேறெந்த அலுவலகத்துக்கும் தெரியாததை நீங்கள் தினமும் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பிள்ளை வேறு பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் பழைய பள்ளித் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. தாமதம் செய்கிற தலைமையாசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றே அதில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. ஆனால் நடப்பது என்ன? "டி.சி. கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்." டி.சி. கிடைத்தாலும் எமிஸில் பழைய பள்ளி, பிள்ளையின் பெயரை காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும். அங்கே கணினி பார்க்கிறவர் லீவு, இங்கே சர்வர் டவுன். மூன்று வாரம் ஒரு பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லாமல் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மூன்று வாரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலையாகிவிட்டது. அப்புறம் அவள் வரவே இல்லை.

பத்தாம் வகுப்புப் பையனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் வாதாடினார். சரி, சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்காகக் கேட்டைப் பூட்டச் சொல்லி எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

கல்வி அலுவலர்களே, இப்போது உங்களிடம். இந்த நகரத்தில் வீடு இடிப்பதற்கும் பள்ளி நாட்காட்டிக்கும் என்ன பகை என்று எனக்குப் புரியவே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது கல்வியாண்டின் நடுவில். தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சத்தியவாணி முத்து நகரைக் காலி செய்யத் தொடங்கியது 2019 டிசம்பர் கடைசியில். 2022-இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மே 5-ஆம் தேதியும் பத்தாம் வகுப்புத் தேர்வு மறுநாளும் தொடங்கின. ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிபட்டது அதே நாட்களில்தான். அங்கே ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

இடிப்பது நீதிமன்ற உத்தரவு, நீர்நிலை, வெள்ள அபாயம், அதில் எங்களுக்கு என்ன வேலை என்பீர்கள். உங்களுக்கு வேலை தேதியில் இருக்கிறது. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் அப்புறப்படுத்தலாம் என்றுதான் சொன்னது, ஆனால் மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 31 வரை கை வைக்கக் கூடாது என்றும் சொன்னது. மழைக்கு நாள் பார்த்தவர்கள் பரீட்சைக்கும் பார்க்கலாம். வெளியேற்றங்கள் குறித்து ஐ.நா. 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், பள்ளித் தேர்வுகளின்போதோ அதற்குச் சற்று முன்போ கூடாது என்று எழுதியே இருக்கிறது. இடிக்கப்போகிற பட்டியலில் எத்தனை பிள்ளைகள், எந்தெந்த வகுப்பு என்று கேட்க அந்தக் கூட்டத்தில் கல்வித்துறை ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

அமெரிக்காவில் வீடற்றவர்களுக்காக 1987-லேயே கொண்டுவந்து, பின்னால் திருத்தங்களால் விரித்த ஒரு சட்டம் இருக்கிறது, இன்றைய பெயர் மெக்கின்னி-வென்டோ. வீடிழந்த பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம், போய்வர வண்டி ஏற்பாடு செய்வது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு. வேறு பள்ளிக்குப் போனால், காகிதம் எதுவும் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதைப் பார்க்க ஒருவர் பொறுப்பில் இருப்பார். வீடில்லாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பதும் அங்கே வீடின்மைதான். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. பிள்ளை எந்த வீட்டுக்கு மாறினாலும் பள்ளி மாற வேண்டியதில்லை என்று எழுதி வைக்கவாவது செய்தார்கள்.

நாங்கள் எங்கள் பள்ளியில் செய்ததற்குச் சட்டமும் தேவைப்படவில்லை, பெரிதாகக் காசும் ஆகவில்லை. அறிவியல் அறையில் உடைந்த பியூரெட்டும் பிப்பெட்டும் அடைத்துக் கிடந்த ஒரு பீரோவைக் காலி செய்தோம். ஆறு தட்டு. யாருடைய நோட்டு வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம், ஏன் என்று கேட்கக் கூடாது. தெர்மகோல் பெட்டிப் பெண்தான் முதலில் வைத்தாள். மழைக்காலம் வந்தபோது பதினோரு பிள்ளைகளின் நோட்டுகள் இருந்தன. அதில் நான்கு பேர் வீட்டு நிலைமை அதுவரை எனக்குத் தெரியாது. கணக்கெடுப்புக்கு யாரும் கை தூக்க மாட்டார்கள், பீரோவுக்கு வந்துவிடுவார்கள்.

காலை உணவுக்காகச் சமையல் செய்கிற அம்மாக்கள் எப்படியும் சீக்கிரம் வருகிறார்கள். அவர்களோடு கேட்டையும் கழிப்பறையையும் திறந்துவிடச் சொன்னோம். வாட்ச்மேன் அண்ணன் முதலில் முணுமுணுத்தார், அப்புறம் அவரே ஒரு வாளியும் மக்கும் வாங்கி வைத்தார். முந்தைய வருடம் மீந்த சீருடைகளில் நான்கு செட் அலுவலக அறையில் எப்போதும் இருந்தது. நனைந்து வந்தால் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுப்பாடத்தைச் சாயந்திரம் ஐந்தரை வரை பள்ளியிலேயே செய்துவிட்டுப் போகலாம் என்று வைத்தோம். பெற்றோர் போன் எண் என்ற இடத்தில் மூன்று எண் வாங்கிக்கொண்டோம். அம்மா எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகும், இட்லிக் கடை அக்காவின் எண் சாகாது.

காலை உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் நான் பணியில் இருந்தவரை அது ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஒரு புதன்கிழமை, நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பொங்கலில் பாதியைச் சாப்பாட்டு டப்பாவில் வழித்து வைத்துக்கொண்டிருந்தாள். மேல் கட்டடத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் அண்ணனுக்கு. பார்த்துவிட்ட ஆசிரியை ஒருவர், வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று அதட்டினார். விதி அப்படித்தான். சமையல் அம்மா ஒன்றும் பேசவில்லை, இன்னொரு கரண்டி எடுத்து அந்த டப்பாவிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இனி என் கோரிக்கைகள்.

தலைமையாசிரியர்களே, வீடு மாற்றப்பட்ட பிள்ளைகளுக்கும் நடைபாதைப் பிள்ளைகளுக்கும் கேட் நேரம் கிடையாது என்று நாளைக்கே வாட்ச்மேனிடம் சொல்லுங்கள். பட்டியல் போட்டுக் கேட்டில் ஒட்டாதீர்கள், பெயரை வாயால் சொன்னால் போதும். தாமதத்துக்காக அம்மாவை வரச் சொல்லாதீர்கள், பேச வேண்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள் அல்லது ஒரு நடை போய் வாருங்கள். வகுப்பில் எழுப்பி முகவரி கேட்பதை நிறுத்துங்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை அடிப்பதற்கு முன் ஒரு ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்து எழுதிய குறிப்பு இருக்க வேண்டும். டி.சி. கேட்டு வந்தால் அன்றைக்கே கொடுங்கள், எமிஸில் அன்றைக்கே விடுங்கள். டி.சி. இல்லாமல் வந்தால் முதலில் வகுப்பில் உட்கார வையுங்கள். ஒரு பீரோவைக் காலி செய்யுங்கள்.

கல்வி அலுவலர்களே, ஒவ்வொரு வட்டாரத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், அவருடைய போன் எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதுங்கள். மறுகுடியமர்வு எதுவானாலும் ஜூன் முதல் பொதுத்தேர்வு முடியும்வரை கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். 10, 11, 12 வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் முடியும்வரை பழைய பள்ளிக்கு வந்துபோகத் தனிப் பேருந்து விடச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் வருகை சதவீதத்தைக் கணக்கிடும்போது இடிப்புக்குப் பிந்தைய நாட்களைத் தள்ளுபடி செய்யுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேலும் காலையில் பசிக்கும் என்று மேலே ஒரு கடிதம் எழுதுங்கள்.

கடைசியாக, செவ்வாய்க்கிழமை கேட்டைப் பூட்டிய பள்ளிக்கு. பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பையனின் வீட்டுக்குப் போய்வந்தேன், ஆறு மாடியும் ஏறித்தான். இந்தப் புதன்கிழமை வருகிறேன் என்று அவன் அம்மா முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறான். 9.20 ஆகலாம், 9.40-கூட ஆகலாம். அறிவியல் செய்முறைத் தேர்வுக்கான ரெக்கார்டு நோட்டில் நான்கு சோதனைகள் பாக்கி இருக்கின்றன. வீடு இடித்த அன்று நோட்டு நனைந்துவிட்டதால் என் வீட்டு ஃபேனுக்குக் கீழே காயப் போட்டிருக்கிறேன். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதை எடுத்துக்கொண்டு நானே உங்கள் கேட்டில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
சென்னை